படகறையின் பழைய மரவேலையோடு புதுப் பலகையை நிறத்தில் இசைவித்தல்

மழைக்காலம் கழிந்தபின் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது படகு வைத்திருப்போர் யாவரும் அறிந்த வழக்கம். அப்பொழுது உள்ளறையின் சுவர்ப் பலகைகளில் இரண்டொன்று உளுத்திருப்பது தெரிய வரும். தச்சர் அவற்றைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகைகளைப் பொருத்துவார். வேலை உறுதியாகவே இருக்கும். ஆயினும் நாற்பது வருஷத்துப் பலகைகளின் நடுவே புதுப் பலகை வெளிறித் தோன்றும்; பழுத்த வேஷ்டியில் கோடித்துணியால் ஒட்டுப் போட்டதுபோல் கண்ணை உறுத்தும்.

இதைக் கண்டதும் சங்கத்தில் இருவிதமான அபிப்பிராயங்கள் எழுவது இயற்கை. அறை முழுவதையும் சுரண்டி இழைத்துப் புதிதாக வார்னிஷ் பூசிவிடலாம் என்பர் சிலர். கடைத்தெருவில் 'தேக்கு நிறம்' என்று விற்கும் டப்பா ஒன்றை வாங்கிப் புதுப் பலகைமேல் தடவினால் போதும் என்பர் வேறு சிலர். முதல் வழி வீண் செலவு; அன்றியும், பல வருஷங்கள் வெளிச்சத்தில் இருந்து மரம் அடைந்த நிறத்தை அது ஒரே நாளில் தொலைத்துவிடும். இரண்டாவது வழியால் பெரும்பாலும் பலகை முன்னிலும் விகாரமாகும். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. பழைய பலகையின் நிறம் எதனால் உண்டாயிற்று என்று முதலில் அறியவேண்டும். அறிந்தபின் அதே வழியில் புதுப் பலகையைச் சிறிது சிறிதாக நடத்திச் செல்லவேண்டும். போய்ச் சேருமுன் ஒரு படி இப்பாலேயே நின்றுவிடவேண்டும். இதனை விவரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய நிறம் என்பது யாது?

பழைய மரவேலையில் நாம் ஒரே நிறமாகக் காண்பது உண்மையில் மூன்று நிறங்களின் சேர்க்கை. முதலாவது, மரத்தின் சொந்த நிறம். இரண்டாவது, தச்சர் அக்காலத்தில் சாயம் ஏற்றியிருந்தால் அச்சாயத்தின் நிறம். மூன்றாவது, மேலே பூசிய அரக்கோ வார்னிஷோ வருஷங்கள் செல்லச் செல்ல மஞ்சள் பாய்ந்து அடைந்த நிறம். இவற்றின்மேல் விளக்குப் புகை, கைப்பட்ட அழுக்கு, உப்பு ஆகியவை படிந்திருக்கும். இவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்தறியாமல் சாயம் கலக்கப் புகுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து அரைப்பதற்கு ஒப்பாகும்.

மரத்தின் நிறம் வெளிச்சத்தால் மாறுகிறது. ஆனால் எல்லா மரமும் ஒரே விதமாக மாறுவதில்லை. புதிதாக இழைத்த தேக்கில் பசுமையும் கருமையும் கலந்த கோடுகள் தென்படும். சில வாரங்கள் வெளிச்சம் பட்டபின் அவை மங்கிப் பலகை முழுவதும் பொன்னிறங் கலந்த பழுப்பாகும். மஹாகனி நாளடைவில் கருஞ்சிவப்பை நோக்கிச் செல்லும். ஈட்டியும் வால்நட் மரமும் இதற்கு மாறாக, வெளிச்சத்தில் வெளுக்கும் இயல்புள்ளவை. ஆதலால் ஈட்டிப் பலகைக்குப் 'பழசு கறுப்பாகத்தான் இருக்கும்' என்று எண்ணிச் சாயத்தை அப்பினால் காரியம் கெடும்.

வெளிச்சத்தால் உண்டாகும் இந்த மாற்றம் ஒரு மில்லிமீட்டர் கனத்தைக்கூட எட்டாத மேற்பரப்பில் மட்டுமே நிகழ்வது. இழைப்புளி இரண்டுமுறை ஓடினால் நாற்பது வருஷத்து நிறம் சுருளாய்ச் சுருண்டு கீழே விழுந்துவிடும். அதைத் திரும்பப் பெற இன்னும் நாற்பது வருஷம் காத்திருக்க நேரும். பழைய பலகையைத் தொடாதிருத்தலே முதல் விதி என்று சொல்வது இதனாலேயே.

படகின் உள்வேலைக்குத் தேக்கு சிறந்ததென்பதைப் பலரும் அறிவர். 1817-ல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட 'டிரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்திலுள்ள ஹார்ட்டில்பூலில் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. கப்பல் கட்டுவதற்கான தேக்கு காடுகளில் அருகிப்போனதைக் கண்டு, மலபார்க் கலெக்டராயிருந்த கானலி என்பவர் 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வைப்பித்தார். இத்தகைய மரத்தாலான பழைய பலகையைக் கேடின்றிக் காப்பது சங்கத்தின் சொத்தைக் காப்பதே ஆகும்.

முன்னதாகச் செய்யவேண்டியது

மெருகைப்பற்றி யோசிக்குமுன் பலகை ஏன் உளுத்தது என்று கேட்கவேண்டும். படகறையில் மரத்தை அழிப்பது கடல்நீரைவிட மேல்தட்டிலிருந்து ஒழுகும் மழைநீரே. உளுக்கச் செய்யும் பூஞ்சணத்திற்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழ் இருக்குமாயின் அது வளராது. ஆகையால் மேல்தட்டின் மூட்டுகளையும் சன்னல் ஓரங்களையும் நீர் ஊற்றிப் பார்த்து, ஒழுக்கை அடைத்த பின்னரே புதுப் பலகையைப் பொருத்தவேண்டும். பக்கத்துப் பலகைகளையும் குத்தூசியால் ஆங்காங்கே குத்திப் பார்க்கவேண்டும். ஊசி எளிதில் இறங்குமிடத்தில் மரம் செத்துவிட்டது என்று அறிக. அத்தகைய இடத்தை மக்கு வைத்து மூடி மெருகு பூசுவது பழுது பார்ப்பதன்று, பழுதை மறைப்பதே.

பழையதைக் கழுவுதல்

பழைய பலகையின் உண்மையான நிறம் அழுக்கின் கீழே இருக்கிறது. அழுக்கோடு அதைப் பார்த்துப் புதியதற்கு நிறம் கூட்டினால், அடுத்த வருஷம் யாராவது அறையைத் துடைத்தவுடன் இரண்டும் வேறாகிவிடும். ஆகவே, வெதுவெதுப்பான நல்ல நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, பலகைகளைத் துடைக்கவேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையதாதலால், நல்ல நீரில் நனைத்த வேறு துணியால் மறுமுறையும் துடைப்பது அவசியம். உலர்ந்தபின் டர்ப்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்தால் பழைய மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்கும். இவ்வளவு செய்த மாத்திரத்திலேயே பழைய பலகை எதிர்பார்த்ததைவிட வெளிச்சமாகி, புதியதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடுவதுண்டு.

சுவரில் மாட்டிய கடிகாரத்தையோ படத்தையோ இச்சமயத்தில் கழற்றிப் பார்ப்பது நல்லது. வெளிச்சம் படாத அவ்விடம் பலகையின் ஆதி நிறத்தைக் காட்டும். அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள பேதமே வெளிச்சம் செய்த வேலை. அவ்வளவையும் சாயத்தால் செய்ய முயல வேண்டியதில்லை என்பது பின்னால் விளங்கும்.

பழைய பூச்சு இன்னதென்று அறிதல்

அலமாரியின் உட்புறம், கட்டிலின் அடிப்புறம் போன்ற மறைவான இடத்தில் பின்வரும் பரீக்ஷைகளைச் செய்க.

மெதிலேட்டட் ஸ்பிரிட் ஒரு துளி விட்டு ஒரு நிமிஷம் பொறுக்கவும். பூச்சு இளகிக் கையில் ஒட்டினால் அது அவலரக்கு. அதாவது பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல், பெயிண்ட் கடையில் விற்கும் லாக்கர் தின்னருக்குக் கரைந்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். தின்னர் பட்டதும் கரையாமல் சுருங்கிக் கொப்புளமிட்டால் அது பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷ். இரண்டுக்கும் ஒன்றும் ஆகாவிடில் பாலியூரிதேன் போன்ற பிற்காலத்துப் பூச்சு என்று கொள்ளலாம். மேலே தோல் போன்ற படலமே இன்றி, டர்ப்பன்டைன் துணியில் பழுப்பாக இறங்கினால், எண்ணெயோ மெழுகோ மட்டும் தேய்த்த மரம் என அறிக. ரூபாய் நோட்டுகளைச் சோதிக்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் புற ஊதாக்கதிர் விளக்கை இருட்டில் பிடித்துப் பார்த்தால், அவலரக்குப் பூச்சு ஆரஞ்சு நிறமாக ஒளிரும். இதுவும் ஓர் அடையாளம்.

அவலரக்கு நமது நாட்டுப் பொருள். பலாசு, இலந்தை முதலிய மரங்களின் சிறு கிளைகளில் வாழும் ஒருவகைப் பூச்சிகள் சுரக்கும் பிசினிலிருந்து அது செய்யப்படுகிறது. இதனை ஆராயும் நிலையம் ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னுமிடத்தில் 1924-ல் ஏற்பட்டது. அவலரக்கு மரத்துக்கு இனிய நிறம் தரும். ஆனால் நீர் தேங்கினால் வெள்ளை படரும், சூடான பாத்திரத்தை வைத்தால் இளகும். ஆகவே படகறையில் அதனை மேற்பூச்சாக விடுவதைவிட, நிறங் கொடுக்கும் அடிப்பூச்சாகக் கொண்டு மேலே வார்னிஷ் பூசுவது உசிதம். அவ்விதம் செய்வதாயின் மெழுகு நீக்கிய அவலரக்கையே வாங்கவேண்டும். மெழுகுள்ள அரக்கின்மேல் பாலியூரிதேன் சரியாகப் பற்றாது.

சாயமின்றியே இசைவிக்கும் வழிகள்

சாயப் புட்டியைத் திறக்குமுன் செலவில்லாத மூன்று உபாயங்களைச் சங்கத்தார் கவனிக்கவேண்டும்.

முதலாவது, இடம் மாற்றுதல். படுக்கைக்கு அடியிலும் அலமாரிக்கு உள்ளேயும் அதே வயதுள்ள பழைய பலகைகள் இருக்கும். அவற்றில் அளவு ஒத்த ஒன்றைக் கழற்றிக் கண்ணில் படும் இடத்தில் பொருத்திவிட்டு, புதுப் பலகையை மறைவான இடத்தில் வைத்துவிடலாம். மறைவிலிருந்த பலகை சிறிது வெளிறியிருந்தாலும், அதே காலத்து மரமும் அதே பூச்சும் ஆனபடியால் சீக்கிரத்தில் கூட்டத்தோடு கூடிவிடும்.

இரண்டாவது, எல்லை பார்த்து மாற்றுதல். ஒரே பலகையின் நடுவில் துண்டு வைத்து ஒட்டினால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் கண் அதைக் கண்டுபிடிக்கும். மூலையிலிருந்து மூலைக்கோ, சட்டத்திலிருந்து சட்டத்துக்கோ முழுப் பலகையாக மாற்றினால், நடுவே நிற்கும் சட்டம் இரு நிறங்களையும் பிரித்துவிடும். பிரிந்து நிற்கும் இரு நிறங்களின் சிறு பேதத்தைக் கண் பொருட்படுத்துவதில்லை.

மூன்றாவது, வெயிலில் வைத்தல். பொருத்துவதற்குமுன் புதுத் தேக்குப் பலகையை இரண்டு வாரம் வெளியில், மழை படாமல், வெளிச்சம் நன்றாகப் படும்படி வைக்கவேண்டும். ஒரு பக்கமே காய்ந்து வளைந்துவிடாதபடி தினமும் புரட்டிவிடுவது அவசியம். சூரியன் செய்யும் இவ்வேலைக்குக் கூலி இல்லை. பலகையின் ஓர் ஓரத்தைக் கனத்த காகிதத்தால் மூடி வைத்திருந்தால், எவ்வளவு மாறியது என்பதைக் கண்ணாரக் காணலாம்.

பரீக்ஷைப் பலகை

மேற்கூறியவற்றுக்குப் பின்னும் பேதம் மிஞ்சினால் சாயத்தின் உதவியை நாடலாம். ஆனால் படகில் பொருத்திய பலகைமேல் நேராகச் சாயம் தடவுவது கூடாது. அதே பலகையில் அறுத்து மிஞ்சிய துண்டில் முன்னதாகப் பரீக்ஷை செய்தே தீரவேண்டும். வேறு மரத்துண்டு உதவாது. ஒரே மரத்தில்கூட வைரம் ஒருவிதமாகவும் வெளிறு வேறுவிதமாகவும் சாயத்தைக் குடிக்கும்.

சுமார் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டை எடுத்து, படகில் வைக்கும் பலகையை எந்த உப்புத்தாளால் தேய்த்தோமோ அதே நம்பர் உப்புத்தாளால் தேய்க்கவும். வேறுபட்ட தாள் உபயோகித்தால் நிறமும் வேறுபடும். பென்சிலால் குறுக்கே கோடிட்டு ஆறு கட்டங்களாகப் பிரிக்கவும். முதற் கட்டத்துக்குச் சாயமே வேண்டாம். இரண்டாவதற்கு மிகவும் நீர்த்த சாயம். அடுத்தடுத்த கட்டங்களுக்குப் படிப்படியாகச் சற்று அடர்ந்த சாயம். உலர்ந்தபின், துண்டை நீளவாக்கில் மூன்று பட்டைகளாகப் பிரித்து, மேற்பூச்சை ஒரு பட்டைக்கு ஒருமுறையும், அடுத்ததற்கு இருமுறையும், மூன்றாவதற்கு மும்முறையும் பூசவும். இப்பொழுது ஒரே துண்டில் 18 வித நிறங்கள் கிடைக்கும். எந்தக் கட்டத்துக்கு என்ன அளவு என்பதைத் துண்டின் பின்புறத்தில் எழுதிவைக்க மறக்கவேண்டாம். எழுதாத பரீக்ஷை செய்யாத பரீக்ஷையே.

பூசாத சாயத்தைப் பார்த்து ஒருபோதும் தீர்மானிக்கக் கூடாது. உலர்ந்த சாயம் சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். மேற்பூச்சு ஏறிய பின்னரே அதன் முகம் தெரியும். அவசரமாகப் பார்க்கவேண்டுமாயின் டர்ப்பன்டைனால் நனைத்துப் பார்க்கலாம். நனைந்திருக்கும்வரை தெரியும் நிறம் ஏறக்குறைய பூசியபின் வரும் நிறமே.

துண்டைத் தச்சுப் பட்டறையில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. படகறைக்குள் எடுத்துச் சென்று, பழைய பலகைக்குப் பக்கத்தில், அது நிற்கும் கோணத்திலேயே நிறுத்திப் பார்க்கவேண்டும். படகறையின் வெளிச்சம் சிறு சன்னல் வழியாகப் பக்கத்திலிருந்து வருவது. நீரில் பட்டுத் திரும்புவது. காலையிலும் நடுப்பகலிலும் இரவில் விளக்கேற்றியும் மும்முறை பார்க்கவும். பகலில் ஒன்றுபோல் தோன்றும் இரு நிறங்கள் விளக்கொளியில் வேறாகத் தோன்றுவதுண்டு. மூன்று வேளையும் ஒருவாறு ஒத்துப்போகும் கட்டத்தையே தேர்ந்தெடுக்கவேண்டும்.

சாயத்தைக் கலத்தல்

சாயங்கள் இருவகை. மஞ்சட்காவி, செங்காவி, அம்பர் முதலிய மண்வகைத் தூள்கள் மரத்தின் துவாரங்களில் தங்கி நிறம் தருவன, வெளிச்சத்தில் மங்காதவை, மிகுதியாகப் பூசினால் மரத்தின் ரேகையை மறைத்துவிடும். நீரிலோ ஸ்பிரிட்டிலோ கரையும் சாயங்கள் மரத்துக்குள் இறங்குவன, ரேகையை மறைக்காதவை, ஆனால் அவற்றில் சில வெயிலில் மங்கும். சன்னலை அடுத்த பலகைகளுக்கு மண்வகையை மெல்லியதாகப் பூசுவது நல்லது.

பழைய பலகையில் உள்ள நிறங்களில் மிக வெளிச்சமானது எதுவோ அதற்கே அடிச்சாயத்தை இசைவிக்கவேண்டும். கருமையான கோடுகளையும் மூலைகளின் நிழலையும், பின்னர் பூச்சுகளுக்கு இடையில் சிறிது சாயம் தடவித் துடைப்பதனால் உண்டாக்கலாம். சிவப்பு மிகுந்துவிட்டால் பச்சை கலந்த சாயம் சிறிதளவு அதைத் தணிக்கும். ஆரஞ்சு மிகுந்துவிட்டால் நீலம் தணிக்கும். இவற்றை ஊசி முனையளவாகவே சேர்க்கவேண்டும். பலகையின் அறுத்த முனைகள் சாயத்தை மிகுதியாகக் குடித்துக் கறுக்குமாதலால், அவ்விடத்தில் முன்னதாக நீர்த்த அரக்கு ஒருமுறை பூசிக்கொள்க. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அவலரக்கு என்பது இதற்கு ஏற்ற அளவு. கரைத்த அரக்கை வருஷக்கணக்காக வைத்துக்கொண்டு உபயோகித்தல் ஆகாது. பழகிய கரைசல் உலராமல் பிசுபிசுக்கும்.

மஹாகனியாயின், நீறிய சுண்ணாம்பை நீரில் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் துடைத்தெடுத்து, சிறிது காடியால் கழுவும் பழைய முறை ஒன்று உண்டு. மரம் தானே கருஞ்சிவப்பாகும். இதே பலனுக்காகப் பொட்டாசியம் டைக்ரோமேட்டை உபயோகிப்பதும் முன்பு வழக்கத்தில் இருந்தது. அது புற்றுநோய்க்குக் காரணமாகும் விஷமென்று தெரிந்திருப்பதால் அதை நாடவேண்டாம்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. எண்ணெய் வார்னிஷ் அதன்மேல் உலரத் தாமதிக்கும், சிலவேளை உரிந்தும் வரும். ஆகவே முதற் பூச்சுக்குச் சற்று முன்னதாகப் பலகையைத் தின்னராலோ ஸ்பிரிட்டாலோ துடைத்து, அது ஆறியவுடனே பூசிவிடவேண்டும். பழைய பலகைகளில் எண்ணெய் வார்னிஷ் இருக்குமாயின் புதியதற்கும் எண்ணெய் வார்னிஷே ஏற்றது. நீரில் கலக்கும் அக்ரிலிக் பூச்சு பல வருஷம் நிறமற்றே இருப்பதால், மஞ்சள் பாய்ந்த பழைய பூச்சின் அருகே என்றும் வேறாகவே நிற்கும். மழை மூட்டமுள்ள நாளிலும் பொழுது சாய்ந்த பின்னும் பூசவேண்டாம். ஈரம் பட்டு அரக்கு வெளுத்துப்போகும்.

எங்கே நிறுத்துவது?

பரீக்ஷைப் பலகையில் பழையதற்கு முற்றும் ஒத்திருக்கும் கட்டம் ஒன்று அகப்படும். அதைத் தேர்ந்தெடுக்காமல், அதைவிட ஒரு படி வெளிச்சமான கட்டத்தையே தேக்குக்கும் மஹாகனிக்கும் தேர்ந்தெடுங்கள். புது மரமும் புது வார்னிஷும் இனிமேல்தான் மாறப்போகின்றன. பழையவை மாறவேண்டிய அளவு மாறிவிட்டன. இன்று முற்றும் ஒத்திருப்பது இரண்டு வருஷத்தில் கறுத்துத் தோன்றும். இன்று சற்றே வெளிறியிருப்பது இரண்டு வருஷத்தில் ஒத்துவரும். வெளிச்சத்தில் வெளுக்கும் ஈட்டிக்கும் வால்நட்டுக்கும் இந்த விதியை மாற்றிக்கொள்ளவேண்டும். அன்றியும், வெளிச்சமானதைக் கருமையாக்குவது ஒரு பூச்சு வேலை; கருமையானதை வெளிச்சமாக்குவதோ சுரண்டி எடுக்கும் வேலை.

நிறம் ஒத்திருந்தும் பலகை தனித்துத் தெரிந்தால் பளபளப்பைக் கவனிக்கவும். பழைய பூச்சு தேய்ந்து அடங்கிய ஒளியுடன் இருக்கும். புதியது கண்ணாடிபோல் மின்னும். நன்றாகக் காய்ந்தபின் மிக நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாக மழுக்கி, தேன்மெழுகு தேய்த்தால் இரண்டும் ஒன்றாகும். வீடுகளில் இதற்கு இரும்பு நாரை உபயோகிப்பர். படகில் அது ஆகாது; ஒடிந்து தங்கும் இரும்புத் துகள்கள் உப்புக் காற்றில் துருவேறிக் கறுத்த புள்ளிகளாகும். நைலான் நார்த் தேய்ப்பானே போதும். இதே காரணத்தால் திருகாணிகளும் பித்தளையாகவோ துருவேறா உருக்காகவோ இருக்கவேண்டும்.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டியவை

மெருகு வேலையில் உயிருக்கே அபாயம் நேரக்கூடிய இடங்கள் உண்டு. ஸ்பிரிட், தின்னர், டர்ப்பன்டைன் இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. வீட்டுத் திண்ணையில் அது கலைந்து போகும். படகிலோ கீழே இறங்கி, இயந்திரமும் பாட்டரியும் இருக்கும் அடிப்பள்ளத்தில் குளம்போல் தேங்கும். ஒரு சிறு பொறி போதும். ஆதலால் வேலைக்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடவேண்டும். அடுப்பு, பீடி, தீக்குச்சி எதுவும் படகில் இருக்கக்கூடாது. சன்னல்களையும் மேல்மூடிகளையும் திறந்து வைக்கவேண்டும். மெதிலேட்டட் ஸ்பிரிட் குடித்தால் கண்ணையும் உயிரையும் மாய்க்கும் விஷம் என்பதை வேலையாட்கள் யாவருக்கும் சொல்லி, மீதியைப் பூட்டி வைப்பது பஞ்சாயத்தாரின் கடமை.

ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியவேண்டாம். அவ்வெண்ணெய் காற்றோடு கூடி உலரும்போது உஷ்ணம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த உஷ்ணம் வெளியேற வழியின்றி ஏறி, யாரும் நெருப்பு வைக்காமலே துணி தானாகத் தீப்பற்றும். துணிகளை வெளியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்தவேண்டும். அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் இட்டு மூடவேண்டும்.

பழைய வார்னிஷுக்கு அடியில் பழைய பெயிண்ட் தென்பட்டால் அதில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் இயற்றப்பட்டு 2017 நவம்பரில் அமுலுக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சுகளை நம்புவதற்கில்லை. அவற்றை உலர்ந்தபடி தேய்க்காமல் ஈரத்தோடு தேய்க்கவும்; முகமூடி அணியவும்; குழந்தைகளைத் தூர விலக்கவும்.

சங்கத்தார் செய்யவேண்டியது

வேலை முடிந்ததும் பரீக்ஷைப் பலகையை எறிந்துவிடாமல், அலமாரியின் உட்கதவில் ஆணியடித்து வைத்துவிடுங்கள். எந்தப் பலகை எந்த வருஷத்தில் மாற்றப்பட்டது, ஒழுக்கு எங்கே இருந்தது, என்ன பூச்சு எத்தனை முறை என்பதைக் காரியதரிசி சங்கத்தின் பழுதுபார்ப்புப் புத்தகத்தில் எழுதிவைப்பாராக. அடுத்தமுறை வேறொரு தச்சர் வந்தாலும் அவர் தொடக்கத்திலிருந்து தேடவேண்டியிருக்காது.

இவ்வாறு எழுதிவைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நிறத்தை நன்றாக இசைவித்துவிட்டால், எது புதிது எது பழசு என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது. நாளை படகை விற்க நேர்ந்தால் வாங்குபவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே உண்மையை அறியவேண்டும். கண்ணுக்கு உறுத்தாமலிருக்கப் பலகையை இசைவிக்கலாம். கணக்கில் உள்ளதை உள்ளபடியே எழுதவேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யும் சங்கத்தின் படகுக்கு மதிப்புக் குறைவதில்லை.